எதிர்கால இணையத்தைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1983 ஜனவரி 1ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கணினிகள் என்சிபி என்ற பழைய நெறிமுறையை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதியை, கைவிட்டு இன்றைய இணையமும் பயன்படுத்தும் டிசிபி/ஐபிக்கு மாறின. அப்போது இருந்தவை சில நூறு கணினிகள்தான். நாள் குறித்து, எல்லோருக்கும் சொல்லி, மாற்றிவிட முடிந்தது. இன்று அப்படி ஒரு நாள் குறிக்க யாராலும் முடியாது. வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு எல்லாம் இணையத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே எதிர்கால இணையம் என்று நாம் பேசுவதெல்லாம், ஓடுகிற இணையத்தை நிறுத்தாமல் அதற்குள் ஒவ்வொன்றாகப் பொருத்தப்படுகிற பாகங்களைப் பற்றித்தான்.

பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களும், நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் எதை முதலில் படிப்பது என்று கேட்கிறார்கள். 6ஜி, பிளாக்செயின், குவாண்டம் என்று பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. ஒரு தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்பது பாதிப் பாடம். பழையதோடு சேர்ந்து அது எப்படி ஓடுகிறது, செலவு யாருக்கு, பலன் யாருக்கு என்பது மீதிப் பாதி. நல்ல வடிவமைப்புகள் பல இந்த இரண்டாவது பாதியில்தான் விழுந்தன. கீழே உள்ள படிகளை அந்தக் கண்ணோடு செய்யுங்கள்.

தேவை: ஒரு லேப்டாப், ஒரு மொபைல், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு. ஆறாவது படிக்கு மட்டும் லினக்ஸ் வேண்டும். பார்த்ததையெல்லாம் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது கடைசியில் உதவும்.

படி 1: உங்கள் மொபைலின் முகவரியைப் பாருங்கள்

இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் பழைய வகை முகவரியான ஐபிவி4, 32 பிட் நீளம். மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள், அதாவது சுமார் 430 கோடி. உலக மக்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூடக் காணாது. உலக அளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. மாற்றான ஐபிவி6 அதற்கு வெகு முன்பே, 1998 டிசம்பரில், இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 2460ஆம் எண்ணாக வெளிவந்துவிட்டது. அது 128 பிட். 34க்குப் பின்னால் 37 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கை. தீர்வு கையில் இருந்தும் உலகம் ஏன் இத்தனை ஆண்டுகள் தயங்கியது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இந்தத் துறையில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவில் டெஸ்ட்-ஐபிவி6 டாட் காம் தளத்தைத் திறங்கள். உங்களுக்கு ஐபிவி6 இருக்கிறதா என்று அது சொல்லும். இந்திய மொபைல் இணைப்புகளில் 2401 அல்லது 2409 என்று தொடங்கும் நீண்ட முகவரியைப் பெரும்பாலும் காண்பீர்கள். பிறகு வீட்டு பிராட்பேண்டில் அதே தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில்லை. மொபைலில் ஐபிவி6 ஓடும், வீட்டில் ரவுட்டர் பழையது என்பதால் ஓடாது என்ற நிலை சாதாரணம்.

அடுத்து, மீண்டும் டேட்டாவுக்கு மாறி, ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' பகுதியில் ஐபி முகவரியைப் பாருங்கள். அங்கே தெரியும் ஐபிவி4 முகவரி 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, நீங்கள் இணைப்பு நிறுவனத்தின் முகவரி மாற்றும் பெட்டிக்கு ('கேரியர் NAT') பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியை உங்களோடு பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள் என்று பொருள். சில போன்களில் 192.0.0.4 என்று தெரியும். இது வெளியுலகில் எங்கும் இல்லாத முகவரி. உங்கள் இணைப்பு முழுக்க ஐபிவி6 மட்டுமே, ஆனால் பழைய செயலிகள் ஐபிவி4 கேட்கின்றன என்பதற்காகப் போனுக்குள்ளேயே உருவாக்கிய வேஷம் அது. போன் அந்த ஐபிவி4 பாக்கெட்டை (தரவு பயணிக்கும் சிறு துண்டை) ஐபிவி6 ஆக மாற்றி அனுப்பும். நிறுவனத்தின் எல்லையில் ஒரு பெட்டி அதை மீண்டும் ஐபிவி4 ஆக்கும். இந்த முறைக்கு 464எக்ஸ்லாட் என்று பெயர், 2013இல் ஆர்எஃப்சி 6877 ஆக எழுதப்பட்டது. பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது என்று நான் சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான சான்று உங்கள் பையிலேயே வேறு கிடைக்காது.

இந்தியாவில் ஐபிவி6 வேகமாகப் பரவியதற்குப் பெரிய காரணம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. கோடிக்கணக்கான புதிய சந்தாதாரர்களுக்குக் கொடுக்கப் பழைய முகவரி இருப்பு இல்லாத நிறுவனத்துக்கு ஐபிவி6ஐ விட்டால் வேறு வழியில்லை. இன்று கூகுள் வெளியிடும் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஐபிவி6 வழியாக வருகிறார்கள். ஸ்பெயினும் இத்தாலியும் நம்மைவிட வெகுவாகப் பின்தங்கியிருக்கின்றன. ஏற்கெனவே முகவரி கையிருப்பு வைத்திருந்தவர்களுக்கு அவசரம் இல்லை. வலி இருக்கிற இடத்தில்தான் மாற்றம் முதலில் நடக்கிறது.

முகவரி பகிர்வினால் வரும் தொல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாது. ஒருவர் செய்த தவறுக்கு ஒரு தளம் அந்த முகவரியைத் தடைசெய்தால் அதைப் பகிரும் அத்தனை பேரும் தடைபடுவார்கள். குற்றம் ஒன்றைத் துப்பறிய ஐபி முகவரி மட்டும் போதாது, போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும்.

படி 2: தூரத்தை மில்லி விநாடியில் அளந்து பழகுங்கள்

லேப்டாப்பில் கட்டளைச் சாளரத்தைத் திறங்கள். பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை லினக்ஸிலும் மேக்கிலும் ட்ரேஸ்ரூட், விண்டோஸில் ட்ரேசர்ட். சிங்கப்பூரில் உள்ள ஏதாவது ஒரு பல்கலைக்கழகத் தளத்துக்கு ஓட்டிப் பாருங்கள்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002 முதல் இயங்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்த் திரும்ப 6,400 கி.மீ. ஆக 32 மில்லி விநாடிக்குக் குறைவாக அந்தப் பாதையில் பதில் வர இயற்பியல் அனுமதிக்காது. உங்களுக்கு 40 வந்தால் அருமையான பாதை. 150 வந்தால் பாக்கெட் எங்கேயோ சுற்றிக்கொண்டு போகிறது. எங்கே என்பதை நடுவில் வரும் ரவுட்டர் பெயர்களில் உள்ள ஊர்க் குறியீடுகளை வைத்து ஊகிக்கலாம். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ படிப்பவர்கள் இதையே செய்யுங்கள். உங்கள் பாக்கெட் கொழும்பிலோ மாத்தறையிலோ கடலில் இறங்கும். அண்டை நாட்டுத் தளத்துக்குப் போகிற பாக்கெட்கூடச் சிலநேரம் சிங்கப்பூரைத் தொட்டுத் திரும்புவதைப் பார்ப்பீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இடையில் நட்சத்திரக் குறிகள் வந்தால் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். பல ரவுட்டர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. அதேபோல் நடு ஹாப்பில் (இடையில் உள்ள ஒரு ரவுட்டரில்) 200 என்று வந்து கடைசி ஹாப்பில் 40 என்று வந்தால் பாதையில் நெரிசல் இல்லை. அந்த ரவுட்டர் பதிலளிப்பதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது யூடியூபுக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டுங்கள். பல இணைப்புகளில் சில மில்லி விநாடியிலேயே முடிந்துவிடும். வீடியோவின் பிரதிகளைப் பெரிய நிறுவனங்கள் உங்கள் இணைப்பு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இதைக் குறித்து வையுங்கள். ஆறாவது படியில் இது ஒரு பெரிய கேள்வியாகத் திரும்பும்.

செயற்கைக்கோள் இணையத்தையும் இதே கணக்கில் அறியலாம். புவிநிலைக் கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலேறி இறங்கி, பதில் மேலேறி இறங்க, நான்கு மடங்கு தூரம். ஒளி வேகத்தில் சென்றாலும் 477 மில்லி விநாடி. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அதே கணக்கு 7 மில்லி விநாடிதான். ஆனால் தாழப் பறக்கும் கோள் சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்துவிடும். இணைப்பை அடுத்த கோளுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலையமைப்பின் வரைபடமே ஓயாமல் மாறுகிற சூழலில் வழியறிவது எப்படி என்பது இன்னும் சூடாக நடக்கும் ஆய்வு.

படி 3: பாதையை யார் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். அவசரப்பட வேண்டாம்.

இணையம் பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஎஸ் எண் உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஜியோ 55836, ஸ்ரீலங்கா டெலிகாம் 9329. இன்ன முகவரித் தொகுதிக்கு என் வழியாக வரலாம் என்று இவை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை பிஜிபி. அதன் முதல் வடிவம் 1989இல் ஆர்எஃப்சி 1105 ஆக வந்தது. சொல்கிறவர் உண்மை சொல்கிறாரா என்று சரிபார்க்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. அன்று ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டம் அது. நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததைப் படியுங்கள். பாகிஸ்தானுக்குள் யூடியூபைத் தடுக்க அரசு உத்தரவிட்டது. பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 208.65.153.0 என்று தொடங்கும் 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று உள்நாட்டுக்காக ஓர் அறிவிப்பு செய்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக வெளியே கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. ரவுட்டர்கள் எப்போதும் குறுகலான அறிவிப்பையே நம்பும். ஊருக்கு வழி சொல்பவரைவிடத் தெருவுக்கு வழி சொல்பவரை நாம் நம்புவதைப் போல. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளுக்கு யூடியூப் காணாமல் போனது. யூடியூப் அதைவிடக் குறுகலாக, 128 முகவரிகள் கொண்ட இரண்டு பாதித் தொகுதிகளை அறிவித்துப் போராடியது. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்தத் தவறான அறிவிப்பை வெட்டியதும்தான் முழுத் தீர்வு வந்தது.

இதற்கு மருந்தாக வந்தது ஆர்பிகேஐ. முகவரியின் உண்மையான சொந்தக்காரர், இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம் என்று டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்று வெளியிடுவார். மற்ற ரவுட்டர்கள் அதோடு ஒப்பிட்டுப் பொருந்தாததைத் தள்ளும். கட்டமைப்பு ஆவணம் 2012இல் வந்தது. 2024இல்தான் ஐபிவி4 வழிகளில் பாதிக்கு மேல் இந்தச் சான்றைப் பெற்றன.

செய்து பாருங்கள். ரைப்ஸ்டாட் தளத்தில் உங்கள் பொது முகவரியைப் போட்டால் அது எந்தத் தொகுதி, எந்த ஏஎஸ், சான்று இருக்கிறதா என்று காட்டும். பிறகு, கிளவுட்ஃபிளேர் 2020இல் தொடங்கிய 'இஸ் பிஜிபி சேஃப் எட்' என்ற தளத்தில் ஒரு பொத்தானை அழுத்துங்கள். வேண்டுமென்றே தவறாக அறிவித்த ஒரு தொகுதியை உங்கள் இணைப்பு ஏற்கிறதா, தள்ளுகிறதா என்று தெரியும். வீட்டிலும் மொபைலிலும் கல்லூரியிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. நான் சான்று வெளியிட்டால் மட்டும் எனக்குப் பாதுகாப்பு கிடைக்காது, மற்றவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். செலவு அவர்களுடையது, பலன் என்னுடையது. மூன்று தசாப்த இணையச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து. அடுத்தது, ஆர்பிகேஐ தொடக்கப் புள்ளியை மட்டும் சரிபார்க்கிறது. நடுவில் ஒருவர் பாதையைத் திரித்துச் சொன்னால் கண்டுபிடிக்காது. முழுப் பாதையிலும் கையொப்பமிடும் பிஜிபிசெக் 2017இல் ஆர்எஃப்சி 8205 ஆக வந்தும் நடைமுறையில் ஏறவில்லை. பாதையில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்தால்தான் அதற்குப் பயன். அதைவிட எளிதான ஆஸ்பா என்ற முறை இப்போது உருவாகி வருகிறது. ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் அதைப் பின்தொடருங்கள்.

தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கமும் இதே கதைதான். பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக், டிஎன்எஸ் படிநிலையின் உச்சியான வேர் மண்டலத்துக்கு 2010 ஜூலை 15 அன்று வந்தது. இன்னும் ஏராளமான தளங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. டிஎன்எஸ்விஸ் தளத்தில் உங்கள் கல்லூரியின் டொமைனைப் போட்டுப் பாருங்கள், நிலவரம் படமாகவே வரும்.

படி 4: பிரவுசருக்குள் குவிக் ஓடுவதைக் கண்ணால் பாருங்கள்

குரோமில் எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலுக்குப் போய், பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து புரோட்டோகால் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கூகுள் அல்லது யூடியூபைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் நேராக எச்2 (எச்டிடிபி/2), எச்3 (எச்டிடிபி/3) என்று வரும். எச்3 என்றால் அந்தக் கோப்பு, டிசிபிக்குப் பதிலாக வந்த குவிக் என்ற புதிய போக்குவரத்து நெறிமுறையின் மேல் வந்திருக்கிறது. புதிய தளம் ஒன்றில் முதல் கோப்பு எச்2 ஆகவும் அடுத்தவை எச்3 ஆகவும் வருவதுண்டு. எனக்கு எச்3 தெரியும் என்று சர்வர் முதல் பதிலில் சொல்கிறது. பிரவுசர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த தடவை மாறுகிறது.

கூகுளில் 2012 வாக்கில் தொடங்கிய குவிக், 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆனது. எச்டிடிபி/3 அடுத்த ஆண்டு ஜூனில் ஆர்எஃப்சி 9114 ஆனது. டிசிபியும், இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் 1.3உம் சேர்ந்தால் முதல் கோரிக்கை கிளம்பும் முன் இரண்டு முறை போய் வர வேண்டும். குவிக்கில் ஒரு முறை போதும். 200 மில்லி விநாடி தொலைவில் உள்ள அமெரிக்க சர்வருக்கு, கிளிக் செய்த பின் 200 மில்லி விநாடி மிச்சம். மொபைல் சிக்னல் மோசமான இடத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால், டிசிபியில் பின்னால் வரும் எல்லாக் கோப்புகளும் அதற்காகக் காத்திருக்கும். குவிக்கில் அந்தக் கோப்பு மட்டும் காத்திருக்கும். வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறாமல் தொடர, முகவரியைச் சாராத ஓர் இணைப்பு அடையாளம் இதில் உண்டு. எல்லாச் செயலிகளும் அந்த வசதியை இன்னும் பயன்படுத்துவதில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேகம் இல்லை. குவிக் ஏன் யுடிபி என்ற பழைய, எளிய போக்குவரத்து நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். எஸ்சிடிபி என்ற நல்ல போக்குவரத்து நெறிமுறை 2000இலேயே வந்தது. பொது இணையத்தில் பரவ முடியவில்லை. வீட்டு ரவுட்டர்களுக்கும் ஃபயர்வால்களுக்கும் டிசிபி, யுடிபி இரண்டு மட்டுமே தெரியும். மூன்றாவதாக ஒன்று வந்தால் தூக்கி எறிந்துவிடும். நடுவழிப் பெட்டிகளால் இணையம் இறுகிப் போய்விட்டது. டிஎல்எஸ் 1.3 கூட 2018இல் வெளியானபோது, பழைய பெட்டிகள் மிரளக் கூடாது என்று 1.2 போலத் தோற்றம் காட்டித்தான் உள்ளே நுழைந்தது. குவிக் தன் தலைப்புத் தகவலில் பெரும்பகுதியைக் குறியாக்கம் செய்வதற்கு ரகசியம் ஒரு காரணம். நடுவில் உள்ள பெட்டிகள் அதைப் படித்துப் பழகி நாளைய மாற்றங்களுக்குத் தடையாகிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

உங்கள் அலுவலக நெட்டில் எச்3 வரவே இல்லையென்றால், அங்கே யுடிபி 443 போர்ட்டை அடைத்திருக்கலாம். பிரவுசர் சத்தமில்லாமல் எச்2க்கு இறங்கிவிடும். இறங்கிப் பிழைக்கும் வழி வைத்திருந்ததால்தான் குவிக் பிழைத்தது.

படி 5: குவாண்டம் கணினிக்கு எதிரான பூட்டைத் தேடுங்கள்

அதே எஃப்12 சாளரத்தில் பாதுகாப்புத் தாவலுக்குப் போங்கள். இணைப்பு விவரத்தில் டிஎல்எஸ் 1.3 என்பதற்குப் பக்கத்தில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று இருந்தால், குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது என்று இன்று கருதப்படும் சாவிப் பரிமாற்றம் உங்கள் பிரவுசரில் ஏற்கெனவே நடக்கிறது. இதில் உள்ள புதிய முறையான எம்எல்-கெம்மை அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக்கியது. பெரிய குவாண்டம் கணினி இன்னும் வரவில்லையே, இப்போது என்ன அவசரம்? இன்று செல்லும் தரவைச் சேமித்து வைத்து, கணினி வந்த பிறகு உடைத்துப் படிக்கலாம் என்பதுதான் அவசரம்.

சவால் அளவில் இருக்கிறது. பழைய எக்ஸ்25519 சாவி 32 பைட். எம்எல்-கெம்-768இன் சாவி 1,184 பைட். ஒரு சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1,500 பைட் கொள்ளும். மற்ற விவரங்களும் சேர்ந்து, பிரவுசர் அனுப்பும் முதல் வணக்கம் இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்தது. முதல் வணக்கம் எப்போதும் ஒரே பாக்கெட்டில் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்த சில சர்வர்களும் ஃபயர்வால்களும் இணைப்பையே அறுத்தன. அப்படி வரும் என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. கையொப்பங்களுக்கு மாறும்போது இது இன்னும் கடினமாகும். இன்றைய 64 பைட் கையொப்பத்தின் இடத்தில், புதிய கையொப்ப முறையான எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வடிவமே 2,420 பைட்.

படி 6: முற்றிலும் வேறு மாதிரியான இணையத்தை லேப்டாப்பில் கட்டுங்கள்

இதுவரை பார்த்தது இருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பது. அடித்தளத்தையே மாற்ற முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010இல் நான்கு திட்டங்களுக்கு நிதி அளித்தது. அவற்றில் ஒன்று என்டிஎன் (நேம்டு டேட்டா நெட்வொர்க்கிங்). வான் ஜேக்கப்சனின் சிந்தனையில் பிறந்து, யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் லிசியா ஜாங் தலைமையில் வளர்ந்தது.

இன்று நீங்கள் கணினியின் முகவரியைக் கேட்கிறீர்கள். என்டிஎன்னில் தரவின் பெயரைக் கேட்பீர்கள். கேட்கும் பாக்கெட்டுக்கு இன்ட்ரஸ்ட், பதிலுக்கு டேட்டா என்று பெயர். ஒவ்வொரு ரவுட்டரும் மூன்றைப் பார்க்கும். கேட்ட தரவு தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருந்தால் அங்கேயே கொடுத்துவிடும். இல்லையென்றால், இதே பெயரை ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நிலுவைப் பட்டியலைப் பார்க்கும். இருந்தால் புதிய கேள்வி வந்த வழியையும் அதில் சேர்த்துக்கொண்டு காத்திருக்கும், மேலே அனுப்பாது. அதுவும் இல்லையென்றால் வழிப் பட்டியலைப் பார்த்து அடுத்த ரவுட்டருக்கு அனுப்பும். தரவு, கேள்வி வந்த சுவட்டிலேயே திரும்பி வரும். தயாரித்தவரின் கையொப்பம் தரவிலேயே இருப்பதால், யாரிடமிருந்து கிடைத்தாலும் நம்பலாம்.

உபுண்டு நிறுவிய கணினி அல்லது மெய்நிகர் கணினி ஒன்றில் மினி-என்டிஎன்னை நிறுவுங்கள். நெட்வொர்க் ஆய்வுக்குப் பரவலாகப் பயன்படும் மினிநெட் மேல் கட்டியது அது. ஐந்து முனைகள் வையுங்கள்: பயனர்கள் இருவர், இரு ரவுட்டர்கள், ஒரு தயாரிப்பாளர். பயனர்கள் இருவரும் முதல் ரவுட்டரில் இணையட்டும், தாமதம் 10 மில்லி விநாடி. ரவுட்டர்களுக்கு நடுவே 50. இரண்டாம் ரவுட்டருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவே 10. தயாரிப்பாளரில் என்டிஎன்போக் கருவியால் ஒரு தரவை வெளியிடுங்கள். முதல் பயனர் என்டிஎன்பீக் கருவியால் கேட்கட்டும். பதில் வரச் சுமார் 140 மில்லி விநாடி ஆகும்.

என்டிஎன்போக் ஒரே ஒரு முறை பதில் சொல்லிவிட்டு நின்றுவிடும் கருவி. ஆக இப்போது தயாரிப்பாளர் இல்லை. இரண்டாம் பயனர் அதே பெயரைக் கேட்கட்டும். சுமார் 20 மில்லி விநாடியில் தரவு கைக்கு வரும். கொடுத்தவர் போய்விட்டார், தரவு முதல் ரவுட்டரின் கேஷில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் பிடிபடாதது இந்த ஒரு சோதனையில் பிடிபடும்.

இவ்வளவு அழகான வடிவமைப்பு ஏன் உலகை ஆளவில்லை? இன்றைய பிஜிபி அட்டவணையில் ஐபிவி4க்கு ஏறத்தாழ 10 லட்சம் வரிகள். தரவுப் பெயர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு, அவற்றை ரவுட்டரில் எப்படி வைப்பது? நிலுவைப் பட்டியல் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். இல்லாத பெயர்களைக் கோடிக்கணக்கில் கேட்டு அதை நிரப்பும் தாக்குதல் உண்டு. தரவைக் குறியாக்கம் செய்து ஆளுக்கு ஒரு விதமாக அனுப்பினால் பொதுவான கேஷால் பயன் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் இரண்டாவது படியில் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். வீடியோ பிரதிகளை அருகில் வைக்கும் வேலையை நிறுவனங்கள் பழைய இணையத்தின் மேலேயே, தங்கள் காசில், செய்துவிட்டன. அடித்தளத்தை மாற்றச் செலவழிக்க யாருக்கும் தூண்டுதல் இல்லை.

படி 7: பாதையைப் பயனரே தேர்ந்தெடுக்கும் இணையம்

சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக்கில் ஏட்ரியன் பெரிக் குழு வளர்த்த சயான், இன்னொரு திசை. வழிகளை அனுப்புநரே பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தேர்ந்த பாதை பாக்கெட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். இன்ன நாட்டின் வழியாகப் போகக் கூடாது என்று ஒரு வங்கி முடிவு செய்யலாம். இது காகிதத்தோடு நிற்கவில்லை. சுவிஸ் தேசிய வங்கியும் நிதிச் சந்தை நிறுவனமான சிக்ஸும் 2021இல் தொடங்கிய பாதுகாப்பான நிதி வலையமைப்பு சயான் மேல்தான் ஓடுகிறது. பழைய ஐபி மென்பொருள்களை மாற்றாமல் இணைக்கும் நுழைவாயில் பெட்டி இருந்ததாலும், பணம் கொடுக்கத் தயாரான ஒரு துறை இருந்ததாலும் அது நடந்தது. என்டிஎன்னையும் சயானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

படி 8: உங்களுக்கென்று ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

புதிய இணையக் கட்டமைப்பு ஒன்றை நானே வடிவமைக்கிறேன் என்று முதல் ப்ராஜெக்டிலேயே இறங்காதீர்கள். அளந்து பாருங்கள். அளவீடு செய்பவர்கள் நம் பகுதியில் போதவில்லை. நம் இணைப்புகளை நம்மைவிட எளிதாக அளக்க வெளிநாட்டில் இருப்பவரால் முடியாது.

கைவசம் சில கேள்விகள்: உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த இணைப்புகள் தவறான பிஜிபி அறிவிப்பைத் தள்ளுகின்றன? தமிழ்ச் செய்தித் தளங்களில் எத்தனை ஐபிவி6, எச்3 இரண்டையும் தருகின்றன? உங்கள் ஊரிலிருந்து மாநில அரசுத் தளங்களுக்குப் போகும் பாக்கெட் எந்த ஊர் வழியாகப் போகிறது? ரைப் அட்லஸில் சேர்ந்தால், உலகம் முழுக்கப் பரவியுள்ள சிறு அளவீட்டுக் கருவிகளைக் கொண்டு இதே சோதனைகளை மற்ற ஊர்களிலிருந்தும் ஓட்டலாம்.

தமிழ் தெரிந்தவருக்கே வாய்க்கும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற தமிழ் மேல்நிலை டொமைன்கள் வேரிலேயே இருக்கின்றன. தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள 2012இலேயே ஆர்எஃப்சி 6531 வந்துவிட்டது. ஆனால் வங்கிப் படிவத்திலோ, வேலைவாய்ப்புத் தளத்திலோ அப்படி ஒரு முகவரியைக் கொடுத்தால் செல்லாது என்று திருப்பிவிடும் இடங்கள் ஏராளம். நூறு தளங்களை எடுத்து, எவை ஏற்கின்றன, எவை தள்ளுகின்றன, எந்த இடத்தில் தள்ளுகின்றன என்று பட்டியலிடுங்கள். நெறிமுறை தயார், அடித்தளம் தயார், கடைசிப் படிவத்தில் ஒரு வரி நிரல் தடுக்கிறது. இதைச் சரிசெய்ய யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எங்கே உடைகிறது என்று ஒருவர் உட்கார்ந்து காட்டினால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

படிக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5218, ஒரு நெறிமுறை வெற்றி பெற என்ன வேண்டும் என்று அலசுகிறது. 2021இல் வந்த ஆர்எஃப்சி 9049, நல்ல யோசனைகளாக இருந்தும் நடைமுறைக்கு வராமல் போனவற்றையும் அதற்கான காரணங்களையும் தொகுக்கிறது. இரண்டும் இலவசம். கணக்கு, சமன்பாடு எதுவும் இல்லை. புதியவருக்கும் புரியும்.

இணைய நெறிமுறைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் சேர உறுப்பினர் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் குழுக்கள் எல்லோருக்கும் திறந்தவை. ஆய்வுப் பிரிவில் பெயர்வழி வலையமைப்புக்கும் பாதையறி வலையமைப்புக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்திருக்கின்றன, அவற்றின் பழைய மடல்கள் பொதுவில் கிடைக்கும். சில வாரம் படித்துவிட்டு, உங்கள் அளவீட்டோடு பொருந்தும் விவாதம் ஒன்றில் எழுதுங்கள். எழுதும்போது அளந்த தேதியும் நேரமும், ஏஎஸ் எண், இணைப்பு வகை, கருவியின் பதிப்பு எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். சுருக்க வரைபடத்தோடு மூலத் தரவையும் இணையுங்கள். உங்கள் வீட்டு ஐபி முகவரியோ நண்பர்களின் ஐபி முகவரியோ அந்தக் கோப்பில் இருந்தால் அந்த முகவரியின் கடைசிப் பகுதியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.